கீசர் வால்வு சொட்டினால்: கழுவலாமா, மாற்றிவிடலாமா?

எங்கள் வீட்டு 25 லிட்டர் கீசரின் அடியில், பச்சைத் தண்ணீர் உள்ளே போகும் இடத்தில் மாட்டியிருக்கும் சேஃப்டி வால்வு இரவும் பகலும் சொட்ட ஆரம்பித்தது. என் முன் மூன்று வழிகள் இருந்தன: அதைக் கழற்றிக் கழுவுவது, புதிது வாங்கி மாட்டுவது, தண்ணீர் வரும் குழாயில் பிரஷரைக் குறைக்கும் வால்வு ஒன்றைச் சேர்ப்பது. நான் புதிதுதான் மாட்டினேன். போர் தண்ணீர் வரும் வீடுகளுக்கு அதையே சொல்வேன்.

கீசர் ஓடும்போது மட்டும் சொட்டினால் எதுவுமே செய்ய வேண்டாம். 25 லிட்டர் தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாகும்போது ஏறக்குறைய 350 மில்லி பெருகும். வந்த குழாய்க்குள் திரும்பிப் போக வால்வு விடாததால், அது வால்வின் சொட்டும் வாய் வழியாக வெளியேறுகிறது. சுவிட்சை அணைத்து, தண்ணீர் நன்றாக ஆறிய பிறகும் சொட்டினால்தான் கோளாறு.

பிரஷர் குறைக்கும் வால்வை நான் உடனே ஒதுக்கிவிட்டேன். பத்து மீட்டர் உயரத்துத் தண்ணீர் கொடுக்கும் அழுத்தம் 1 பார்தான். சேஃப்டி வால்வு பெரும்பாலும் 8 பாரில்தான் திறக்கும். மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் அதைத் தள்ளித் திறக்க வாய்ப்பே இல்லை. பிரஷர் பம்ப் வைத்த வீடுகளிலும் உயரமான அடுக்ககங்களிலும் கதை வேறாக இருக்கலாம். அங்கே எனக்குப் பழக்கம் இல்லை, பிரஷரை அளந்து பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

கழுவுவதில் செலவு இல்லை. மெயின் சுவிட்சை அணைத்து, தண்ணீர் ஆறியதும் வால்வின் நெம்புகோலைச் சில தடவை தூக்கிவிட்டால், உள்ளே சிக்கிய மணலோ துருவோ அடித்துக்கொண்டு வந்துவிடும். பலருக்கு அதோடு சரியாகிவிடும். முதலில் அதைச் செய்து பாருங்கள்.

ஆனால் உப்புத் தண்ணீரில் விஷயம் அங்கே முடிவதில்லை. ஒவ்வொரு தடவை சூடாகும்போதும் வால்வு கொஞ்சம் திறந்து மூடுகிறது. கசியும் ஈரம் காய்ந்து, ரப்பர் வாஷர் உட்காரும் விளிம்பில் வெள்ளையாக உப்பு படிகிறது. எங்கள் பழைய வால்வைக் கழற்றிப் பார்த்தபோது, சுண்ணாம்பு பூசியது போல வட்டமாக ஒரு படலம். வாஷரில் நகத்தால் தடவினால் தெரியும் அளவுக்குப் பள்ளம். எலுமிச்சை உப்புக் கரைசலில் ஊறவைத்தால் படலம் போய்விடும், பள்ளம் போகாது. கொஞ்ச நாளில் மறுபடி சொட்டும். அப்புறம் மறுபடி கழற்ற வேண்டும். ஒவ்வொரு தடவையும் கீசர் பக்கத்து மரைதான் தேய்கிறது, அது கெட்டுப்போனால் டேங்குக்கே செலவு. சில நூறு ரூபாய் வால்வுக்காக அந்த வம்பு வேண்டாம்.

புதிது வாங்கும்போது உடம்பில் 0.8 எம்பிஏ அல்லது 8 பார் என்று பொறித்திருக்கிறதா, உங்கள் கீசரில் குறித்துள்ள அழுத்தத்தைத் தாண்டவில்லையா என்று பாருங்கள். அம்புக்குறி கீசரைப் பார்த்து இருக்க வேண்டும். மரையில் டெஃப்லான் டேப் சுற்றினால் போதும்.

சொட்டும் வாயை மூடி போட்டு அடைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தண்ணீர் போதுமான அளவு சூடானதும் மின்சாரத்தை நிறுத்தும் தெர்மோஸ்டாட் கெட்டுப்போனால், டேங்க் வெடிக்காமல் காப்பதில் அந்தத் துளைக்குப் பெரிய பங்கு உண்டு. அதில் சின்னக் குழாய் ஒன்றைச் செருகி, தரைச் சாக்கடைப் பக்கம் கீழ்நோக்கி விட்டால் சுவரும் நனையாது.