ஊசியா, ரம்பமா, ஸ்பேனரா: நாக்ஸ் கன்ட்ரியில் முதலில் எந்தக் கைத்தொழிலை வளர்ப்பது?

நடமாடும் பிணங்களான ஸோம்பிகளுக்கு நடுவே உயிர் பிழைக்க வேண்டிய கணினி விளையாட்டான புராஜெக்ட் ஸோம்பாய்டில் என்னுடைய கடைசி மூன்று பாத்திரங்களை மூன்று வெவ்வேறு தொழில்களில் வளர்த்துப் பார்த்தேன். முதலாமவர் தச்சர், இரண்டாமவர் மெக்கானிக். மூன்றாமவர் எந்தத் தொழிலும் தெரியாமல் ரோஸ்வுட் என்ற ஊரில் வந்து இறங்கி, கையில் கிடைத்த ஊசியையும் நூலையும் வைத்துத் தையல் கற்றுக்கொண்டவர். மூவரில் அதிக நாள் உயிரோடிருந்தவர் அந்த மூன்றாமவர்தான். அது தற்செயலாக நடந்ததாக நான் நினைக்கவில்லை. புதிதாக ஆடத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் தச்சு வேலையிலோ கார் வேலையிலோ முழு உழைப்பையும் போட்டுவிட்டு, தையலைப் பொழுதுபோக்காக ஒதுக்கிவிடுகிறார்கள் என்பதால் இந்த மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பயன்படும். நான் சொல்வன எல்லாம் 2021 டிசம்பரில் நிலையான பதிப்பாக வெளிவந்த பில்ட் 41-க்குப் பொருந்துபவை.

கதைக்களம் தெரிந்ததுதான். 1993 ஜூலை, அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் நாக்ஸ் கன்ட்ரி என்ற கற்பனை வட்டாரம். வழக்கமான அமைப்பில் மின்சாரமும் தண்ணீரும் முதல் முப்பது நாட்களுக்குள் ஏதோ ஒரு நாள் நின்றுவிடும். செத்தால் பாத்திரம் செத்ததுதான்; கற்ற திறன் முழுவதும் அவரோடு போய்விடும். ஆகவே எதைக் கற்பது என்று யோசிக்கும்போது, அதைக் கற்கும் காலத்தில் உயிரோடிருக்க முடியுமா என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டியிருக்கிறது.

மூன்றுக்கும் பொதுவான கணக்கு ஒன்று உண்டு. பூஜ்யத்திலிருந்து முதல் நிலைக்கு 75 அனுபவப் புள்ளிகள் போதும். அடுத்ததற்கு 150, பிறகு 300, 750, 1500 என்று ஏறி, ஒன்பதிலிருந்து பத்துக்குப் போக 9000 புள்ளிகள் தேவைப்படுகின்றன. அந்தந்தத் தொழிலுக்கான ஐந்து பாகப் புத்தகங்கள் இதைக் குறைத்துத் தருகின்றன. முதல் பாகத்தைப் படித்தால் புள்ளிகள் மூன்று மடங்காகவும், பிறகு வரும் பாகங்களில் ஐந்து, எட்டு, பன்னிரண்டு, பதினாறு மடங்காகவும் கிடைக்கும். ஒவ்வொரு பாகமும் இரண்டு நிலைகளுக்கு மட்டுமே செல்லும் என்பதால், உரிய பாகம் கையில் வரும்வரை பயிற்சியைத் தள்ளிப்போடுவது மூன்று தொழிலிலும் புத்திசாலித்தனம். புத்தகம் படிக்காமல் நூறு நாற்காலிகளைப் பிரித்துப் போட்டவர்கள் பிற்பாடு வருந்தியே தீர்வார்கள்.

தச்சு வேலையின் தொடக்கம் மிகவும் எளிது. ஆட்டத்தின் முதல் வாரத்தில் தொலைக்காட்சியில் வரும் மரவேலை நிகழ்ச்சியை வீட்டுக்குள் உட்கார்ந்து பார்த்தாலே கணிசமான புள்ளிகள் சேர்ந்துவிடும். சுத்தியலும் ரம்பமும் கிடைத்துவிட்டால் அக்கம்பக்கத்து வீடுகளிலுள்ள மேசை, அலமாரி, கட்டில் எல்லாவற்றையும் பிரித்துப் பலகையும் ஆணியும் சேர்க்கலாம். அதிலேயே பயிற்சியும் ஆகிவிடும். நான்காம் நிலையில் மழைநீர்ப் பீப்பாய் செய்ய முடியும். குழாயில் தண்ணீர் நின்ற பிறகு இதைவிட முக்கியமான பொருள் கிடையாது. எனவே நான்காம் நிலைவரை தச்சு வேலையை யாரும் தவிர்க்கக்கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. தெருவிலுள்ள வீடுகளின் மரச்சாமான்கள் ஒரு முறை பிரித்தால் தீர்ந்துவிடும், திரும்ப முளைக்காது. அடுத்த தெருவுக்கும் அதற்கடுத்த தெருவுக்கும் போக வேண்டும். அல்லது காட்டுக்குப் போய்க் கோடரியால் மரம் வெட்டி, அடிமரத்தை அறுத்துப் பலகையாக்க வேண்டும். அதில் கோடரி தேய்கிறது, உடல் களைக்கிறது, களைத்த கையோடு திரும்பும்போதுதான் பெரும்பாலும் ஆபத்து வந்து சேர்கிறது. என்னுடைய தச்சர் ஆறாம் நிலையை எட்டி, மாடிப்படி கட்டி, சுவரெல்லாம் எழுப்பி முடித்தபோது, கற்ற வித்தைக்கு அன்றாடம் வேலையே இல்லாமல் போயிற்று. வீடு ஒரு முறைதான் கட்டப்படுகிறது.

மெக்கானிக் வேலையின் சிறப்பு, பயிற்சிக்கு எந்தப் பொருளும் அடிப்படையில் செலவாவதில்லை என்பது. ஸ்குரூடிரைவர், ஸ்பேனர், ஜாக்கி, சக்கர ஸ்பேனர் ஆகியவற்றை வைத்துக்கொண்டு சாலையோரம் நிற்கும் காரின் பேட்டரி, விளக்கு, டயர், சைலன்சர் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினால் புள்ளிகள் வரும். ஆனால் ஒரு வண்டியின் ஒரு பாகத்துக்கு ஒரு நாளைக்கு ஒரு முறைதான் புள்ளி. ஆகவே அதே காரில் அதே பேட்டரியைக் கழற்றி மாட்டிக்கொண்டே இருப்பதால் பயனில்லை. மறுநாள் வர வேண்டும், இல்லையென்றால் வேறு கார் பார்க்க வேண்டும். திறன் குறைவாக இருக்கும்போது கழற்றுவதில் தவறினால் அந்தப் பாகம் சேதமடையும். நல்ல டயரை இப்படிப் பாழாக்கிவிட்டு நெடுஞ்சாலையில் நின்ற அனுபவம் எனக்கு உண்டு. சாதாரண கார், கனரக வண்டி, வேக வண்டி என்று மூன்று வகைக்கும் தனித்தனிக் கையேட்டுப் பத்திரிகைகள் தேட வேண்டியிருப்பது இன்னொரு சுமை. எல்லாவற்றுக்கும் மேலாக, வேலை முழுவதும் வெட்டவெளியில் நடக்கிறது. பானெட்டின் மேல் குனிந்திருக்கும் நேரத்தில் முதுகுப்புறம் யார் வருகிறார்கள் என்று தெரியாது.

இருந்தாலும் மெக்கானிக் இரண்டாம் நிலையும் எலக்ட்ரிகல் முதல் நிலையும் இருந்தால் சாவி இல்லாமல் கம்பி இணைத்து வண்டியைக் கிளப்பலாம் என்பதால், அதுவரை கற்பது நல்லது. அதற்கு மேல் போவது, நீங்கள் ஊர் ஊராகச் சுற்றும் வகை ஆட்டக்காரரா, ஓரிடத்தில் தங்குபவரா என்பதைப் பொறுத்தது. லூயிவில் நகரம் வரை வண்டியில் போய்வர வேண்டும் என்று முடிவெடுத்தவருக்கு என் வாதம் பொருந்தாமல் போகலாம்.

இனித் தையல். இதற்கு வேண்டியவை ஊசி, நூல், கத்தரிக்கோல் மூன்றும்தான். பருத்தித் துணியைக் கையாலேயே கிழிக்கலாம். ஜீன்ஸ் துணிக்கும் தோலுக்கும் கத்தரிக்கோல் தேவை. கிழித்த துண்டை எடுத்து, உடையிலுள்ள ஓட்டையின் மேல் ஒட்டுப் போடலாம், அல்லது ஓட்டை இல்லாத இடத்திலும் கூடுதல் பாதுகாப்புக்காக ஒரு மடிப்பு வைத்துத் தைக்கலாம். இரண்டிலும் புள்ளி உண்டு. ஒரு தையலுக்குக் கிடைக்கும் புள்ளி மிகச் சொற்பம் என்பதை மறைக்க விரும்பவில்லை. புத்தகம் இல்லாமல் இந்த வழியில் மேலே போவது பொறுமையைச் சோதிக்கும்.

ஆனால் மூலப்பொருளைப் பாருங்கள். நாற்காலிகள் உங்களைத் தேடி வருவதில்லை; கார்களும் நீங்கள் போகும்வரை நின்ற இடத்திலேயே நிற்கின்றன. உடைகள் மட்டும் இரண்டு கால் வைத்து உங்கள் வாசலுக்கே வருகின்றன. வேலியோரம் பத்து ஸோம்பிகளை வீழ்த்தினால் பத்துச் சட்டைகள், பத்துக் கால்சட்டைகள், அவற்றில் நாலைந்து ஜீன்ஸ், அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு தோல் ஜாக்கெட். எப்படியும் செய்தாக வேண்டிய சண்டையே கொள்முதலாகவும் ஆகிவிடுகிறது.

தையலில் உண்மையான தட்டுப்பாடு துணிக்கு அல்ல, நூலுக்கு. என் தேர்வைத் தீர்மானித்ததும் இந்த நூல் கணக்குதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஒரு நூற்கண்டு பத்துத் தையல்களுக்கு வரும். ஒரு ஜாக்கெட்டின் மார்பு, வயிறு, இரண்டு மேற்கை, இரண்டு முன்கை என்று எல்லா இடத்துக்கும் ஒட்டுப் போட்டாலே அரைக் கண்டுக்கு மேல் தீர்ந்துவிடும். முதல் இரண்டு நிலைகளில் வீடுகளின் அலமாரிகளில் கிடைக்கும் கண்டுகளை நம்பித்தான் பிழைப்பு நடக்கும். அந்தக் கட்டத்தில்தான் பலரும் தையலைக் கைவிடுகிறார்கள். ஆனால் உடைகளைக் கிழிக்கும்போதே அவற்றிலிருந்து நூலும் கிடைக்கும் வாய்ப்பு உண்டு. தையல் நிலை ஏற ஏற அந்த வாய்ப்பும் கூடுகிறது. நான்காம் நிலையைத் தாண்டிய பிறகு நான் நூலுக்காக ஒரு வீட்டையும் தேடிப் போனதில்லை. கிழிக்கும் உடையே நூலைத் தந்தது, அந்த நூல் அடுத்த தையலுக்கு ஆயிற்று, அந்தத் தையலால் உயர்ந்த திறன் இன்னும் கூடுதல் நூலைத் தந்தது. பயிற்சி செய்யச் செய்ய மூலப்பொருள் கூடிக்கொண்டே போனதை மற்ற இரண்டு தொழிலிலும் நான் பார்க்கவில்லை. போட்ட ஒட்டைப் பிரித்தெடுக்கும்போது துண்டு திரும்பக் கிடைக்கும் வாய்ப்பும் திறனோடு சேர்ந்தே உயர்கிறது. பிரிப்பதில் நூல் திரும்பாது என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

இதெல்லாம் எப்போது நடக்கிறது என்பதும் முக்கியம். ரோஸ்வுட்டில் என் ஆள் மாலை ஆனதும் திரைச்சீலைகளை இழுத்து மூடிவிட்டு மாடி அறையில் உட்காருவார். அன்று அணிந்திருந்த டெனிம் சட்டையின் மேல் சொடுக்கிச் சோதனைச் சாளரத்தைத் திறந்தால், உடலின் எந்தெந்தப் பகுதியை அந்தச் சட்டை மூடுகிறது என்ற பட்டியல் வரும். ஒரு நாள் அதில் இடது முன்கையில் ஓட்டை. காலையில் ஒரு ஸோம்பி கையைப் பற்றி இழுத்தபோது, தோலில் ஒரு கீறலும் இல்லாமல் தப்பிய இடம் அது. ஓட்டை விழுந்த பகுதிக்கு அந்த உடையால் பாதுகாப்பு எதுவும் கிடையாது. அடுத்த பிடி நேரே சதையில்தான் விழும். தோல் துண்டு ஒன்றை எடுத்து அங்கே தைத்து முடித்த பிறகுதான் விளக்கணைத்தார். இந்த விளையாட்டில் நகக்கீறலால் தொற்று வர 7 சதவீத வாய்ப்பு, ஆழமான கிழிப்பால் 25 சதவீதம், கடித்தால் தப்பிக்க வழியே இல்லை. இந்த மூன்றையும் அன்றாடம் தள்ளிப்போடும் கைத்தொழில் தையல் மட்டுமே. நல்ல சுவர் வீட்டிலிருக்கும்போது காக்கும், நல்ல கார் சாலையிலிருக்கும்போது காக்கும், ஒட்டுப் போட்ட சட்டை நீங்கள் போகும் எல்லா இடத்துக்கும் கூடவே வரும்.

மீதித் தொழில்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆயுதப் பராமரிப்புத் திறனுக்குப் புத்தகமே கிடையாது. ஆயுதம் தேயாமல் அடிப்பதில் தானாக வளரும். டேப்பும் பசையும் வைத்து ஆயுதத்தைச் சரிசெய்யலாம் என்றாலும், ஒரே கோடரியைத் திரும்பத் திரும்பச் சரிசெய்தால் ஒவ்வொரு முறையும் பலன் குறைந்துகொண்டே போகும். எலக்ட்ரிகல் திறன் கைக்கடிகாரங்களையும் வானொலிகளையும் பிரிப்பதில் வளரும், ஜெனரேட்டரைப் பழுதுபார்க்கும்போது கைகொடுக்கும். வெல்டிங் வேலைக்குக் கேஸ் டார்ச்சும் முகமூடியும் வேண்டும், கேஸ் தீர்ந்துகொண்டே இருக்கும். இவற்றில் எலக்ட்ரிகலைத் தவிர மற்றவற்றை முதல் மாதத்தில் தேடிப்போக வேண்டியதில்லை என்பது என் கருத்து.

என் அனுபவம் மெலிந்திருக்கும் இடங்களையும் சொல்ல வேண்டும். பலர் சேர்ந்து ஆடும் சர்வர்களில் நான் சில வாரங்களே இருந்திருக்கிறேன். அங்கே ஒருவர் ஒரு தொழிலை எடுத்துக்கொள்வதால் மெக்கானிக்குக்கு மதிப்பு மிக அதிகம். தனியாக ஆடுபவரின் கணக்கு அங்கே அப்படியே செல்லாது. 2024 டிசம்பரில் சோதனைப் பதிப்பாக வந்த பில்ட் 42 கைத்தொழில் அமைப்பையே விரிவாக்கி, கொல்லுவேலை, மண்பாண்டம் போன்றவற்றைச் சேர்த்திருக்கிறது. அதில் நான் நீண்ட நாள் ஒரு பாத்திரத்தையும் காப்பாற்றியதில்லை என்பதால், இந்த வரிசையை அதற்கும் சேர்த்து முன்வைக்க மாட்டேன்.

தச்சு வேலையை ஆதரிப்பவர்களிடம் ஒரு வலுவான வாதம் இருக்கிறது. பாத்திரம் செத்தாலும் அவர் கட்டிய சுவரும் பீப்பாயும் அதே உலகில் நிற்கும். அடுத்த பாத்திரம் வந்து குடியேறலாம். சட்டை பிணத்தோடு போய்விடும் என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ரோஸ்வுட் தையல்காரர் ஐந்தாம் நிலையில் இருந்தபோது, மூடப்படாத கழுத்தில் கடிபட்டு இறந்தார். உடல் முழுவதும் தோல் ஒட்டுப் போட்டவர், கழுத்தை மூடும் உடை ஒன்றைத் தேடாமல் விட்டது என் தவறு. அதே உலகில் அடுத்த பாத்திரத்தைத் தொடங்கி, மூன்றாம் நாள் அந்தத் தெருவுக்குப் போனேன். முந்தையவர் ஸோம்பியாகி, தபால் பெட்டிக்குப் பக்கத்தில் அதே டெனிம் சட்டையோடு நின்றிருந்தார். அவரை வீழ்த்திச் சட்டையை எடுத்துச் சோதனைச் சாளரத்தில் திறந்து பார்த்தேன். வயிற்றில் ஒரு ஓட்டை புதிதாக விழுந்திருந்தது. இடது முன்கையில் அன்று மாலை தைத்த தோல் ஒட்டு, ஐந்தாம் நிலைக் கைத்திறனின் முழு வலுவோடு அப்படியே இருந்தது. தையலில் பூஜ்யம் நிலையிலிருந்த புதியவர் அதைத் துவைத்துப் போட்டுக்கொண்டார்.