முத்துப்பேட்டை உப்பங்கழியில் நீரின் உப்பை அளக்க எது: ரிஃப்ராக்டோமீட்டரா, கடத்துதிறன் மீட்டரா?

இறால் குளத்துக்கு, நீரில் ஒளி வளைவதைக் கொண்டு உப்பளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரே போதும். காய்ச்சி வடித்த நீரில் பூஜ்ஜியம் வைத்து, குளத்து நீர் இரண்டு சொட்டு விட்டு, அரை நிமிடம் பொறுத்து, வெளிச்சத்தை நோக்கிப் பாருங்கள். பேட்டரி வேண்டாம். கோடு மங்கினால் கண்ணாடியில் சேறோ காற்றுக்குமிழோ இருக்கும்.

வயலுக்கு இது உதவாது. அதில் ஒரு கோடு 1 பி.பி.டி. (ஆயிரத்தில் ஒரு பங்கு உப்பு); கடத்துதிறனில், அதாவது மின்சாரத்தைக் கடத்தும் அளவில், ஏறக்குறைய 2 டெசிசீமென்ஸ்/மீ. நெல் விளைச்சலோ, மண்ணின் கடத்துதிறன் 3-ஐத் தாண்டினாலே குறையத் தொடங்கும். பாய்ச்சும் போர்வெல் நீருக்குக் கடத்துதிறன் மீட்டர்தான்.

ஆற்று முகத்துக்கும் அதுவே. வடகிழக்குப் பருவமழையில் நன்னீர் மேலே மிதக்க, உப்புநீர் அடியில் ஆப்புபோல் நுழைந்து கிடக்கும். மேல்நீரை மட்டும் மொண்டு பார்த்தால் ஏமாந்துபோவோம். நீள ஒயர் வைத்த உணரியை அரை மீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி நிறுத்தி இறக்குங்கள். ஒவ்வொரு ஆழத்திலும் வெப்பநிலையையும் எழுதுங்கள். 1 டிகிரிக்குக் கடத்துதிறன் சுமார் 2 சதவீதம் மாறும், தானாகத் திருத்தாத மலிவு மீட்டர் இதில்தான் கவிழ்க்கும். ஆர்க்டிக் கடற்பனிக்கு அடியிலும் கடத்துதிறன் முறைதான். அங்கே −1.8 டிகிரியை ஒட்டிய நீரில் உணரியிலேயே பனி படிந்து அளவு கெடும், இங்கே பாசி.