கல்லைக் கொடுத்தேன், கண்ணாடி வந்தது: 27,000 ரூபாய் போச்சு

கல்லைத் தீட்டித் தருகிறேன் என்று பணமும் கல்லும் வாங்கிய ஆள் நேற்று ராத்திரி என் எண்ணை பிளாக் செய்துவிட்டான். இனிமேல் பேச ஒன்றும் இல்லை என்று ஆனதால் இங்கே எழுதுகிறேன். 27,000 ரூபாய். அதோடு ஒன்பது வருடமாக நான் பொறுக்கிச் சேர்த்த 800 கிராம் கல்.

எங்களுக்குக் காங்கேயம் பக்கம். மழை பெய்து காட்டை உழுதுவிட்டால் வெள்ளை வெங்கச்சங்கல்லுக்கு நடுவே மூன்ஸ்டோன், அதாவது சந்திரகாந்தக் கல், தட்டுப்படும். மண்ணோடு கிடக்கும்போது சாதாரணக் கல்தான். கழுவி வெயிலில் மெல்லத் திருப்பினால் உள்ளே பால் மாதிரி ஓர் ஒளி நகரும். அந்த ஒளிக்காகவே பொறுக்கினேன், விற்கிற எண்ணமே இல்லை. போன வருடம் வெள்ளிக் கம்பி சுற்றி டாலர் செய்யப் பழகினேன். பார்த்தவர்கள் கேட்டார்கள். சரி, தொழிலாகவே செய்யலாம் என்று சீட்டுப் பணத்தை எடுத்தேன்.

மூன்ஸ்டோனுக்குப் பெரும்பாலும் பட்டை போடுவதில்லை. மேலே மேடாக, வழவழப்பாகத் தீட்டினால்தான் ஒளி எழும்பும். அதற்கு ஆள் தேடும்போது ஒரு சமூக ஊடகப் பக்கம் கண்ணில் பட்டது. வீடியோ காலில் வந்தான். பின்னால் சாணை சுற்றுகிறது, தண்ணீர் தெறிக்கிறது. நான் காட்டிய கல்லைப் பார்த்துவிட்டு, "அக்கா, உள்ள பூரான் மாதிரி கோடு ஓடுது பாருங்க, கால் காலா இருக்கே, அது இருந்தா ஒரிஜினல் மூன்ஸ்டோன்னு அர்த்தம்" என்றான். ஒன்பது வருடம் பார்த்த கல்லில் நான் கவனிக்காததை அவன் சொன்னான். அப்புறம், "கொடுமணல்ல ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னாடியே மணி செஞ்ச பூமிக்கா உங்களுது, இதை விட்றாதீங்க" என்றான். நொய்யல் கரையில் இருக்கிற அந்தக் கொடுமணலில் அகழாய்வு செய்தபோது பாதி வேலையான கல்மணிகள் கூடக் கிடைத்தது எனக்கும் தெரியும். அதைச் சொன்னதும் நம்ம மனுசன் என்று தோன்றிவிட்டது. அந்த இடத்தில்தான் விழுந்தேன்.

கல்லுக்கு 300 ரூபாய், 90 கல். முழுப் பணம் 27,000 ரூபாயையும் முன்னாலேயே அனுப்பினேன். கல்லைக் கூரியரில் போட்டேன். இருபது நாள் என்றவன் ஐம்பது நாள் இழுத்தான். கரண்ட் இல்லை, தீட்டுகிற ஆளுக்குக் காய்ச்சல், வீட்டில் விசேஷம். கடைசியில் பார்சல் வந்தது. பளபளவென்று நீலமாக 90 கல். இவ்வளவு நீலமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன், ஆனால் சந்தோஷத்தில் விட்டுவிட்டேன். ஆறு டாலர் செய்து விற்றும் விட்டேன்.

ஒன்பது நாளைக்கு முன்னால் மோதிரத்தில் பதிக்க ஆசாரி அண்ணனிடம் கொண்டுபோனேன். லென்ஸை வைத்துப் பார்த்தார், பேசவில்லை. வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். கையில் நீலமாக இருந்த கல் வெளிச்சத்தில் ஆரஞ்சு நிறமாகத் தெரிந்தது. "கண்ணாடிம்மா இது. ஓபலைட்டுன்னு விப்பாங்க" என்றார். லென்ஸை என்னிடம் கொடுத்தார். உள்ளே உருண்டை உருண்டையாகக் காற்றுக் குமிழி. வீட்டுக்கு வந்து 84 கல்லையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்றில் கூடப் பூரான் இல்லை.

போன் செய்தேன். "பாலிஷ் போட்டா பூரான் போயிடும்க்கா." உள்ளே இருக்கிற கோடு மேலே தேய்த்தால் எப்படிப் போகும்? மறுநாள், "நீங்க அனுப்பினதே கண்ணாடிதான்." அடுத்த நாள், "ஓனர்கிட்ட பேசுங்க." அந்த ஓனர் எண்ணை எடுத்ததும் அதே குரல். என் கல்லையாவது திருப்பி அனுப்பு, பணம் கூட வேண்டாம் என்று கெஞ்சிக்கூடப் பார்த்தேன். அதற்கப்புறம்தான் பிளாக்.

வாங்கிய ஆறு பேருக்கும் நானே கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். நாலு பேருக்குப் பணம் திருப்பியாயிற்று. ஒரு அம்மா, "பரவால்ல கண்ணு, வச்சுக்கிறேன்" என்றார். அதுதான் அழ வைத்தது.

என்ன செய்யணும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். கல்லை நேரில் கொண்டுபோங்கள், கூரியரில் அனுப்பாதீர்கள். அனுப்பியே ஆகணும் என்றால் ஒவ்வொன்றையும் எடை போட்டு, பூரான் கோடு இருந்தால் அதுவும் தெரிகிற மாதிரி படம் எடுத்து வையுங்கள். முதலில் ரெண்டு கல் மட்டும் கொடுத்துப் பாருங்கள். முழுப் பணம் முன்னால் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பத்து மடங்கு பெரிதாகக் காட்டுகிற லென்ஸ் ஒன்று வாங்குங்கள். நான் 27,000 ரூபாய் கொடுத்த பிறகுதான் வாங்கினேன்.

சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குக் கூப்பிட்டுப் புகார் பதிந்திருக்கிறேன், அதனால்தான் அந்தப் பக்கத்தின் பெயரை இங்கே போடவில்லை. வீடியோ காலில் சாணையைக் காட்டி, பூரானைப் பற்றி உங்களிடமும் எவனாவது பேசியிருந்தால் பணம் அனுப்புவதற்கு முன்னால் எனக்கு ஒரு வார்த்தை எழுதுங்கள்.