புரோமோ, இஜென் போகிறவர்கள் கவனத்துக்கு: மலை ஏறும் முன்பே பணம் போய்விடும்

இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவாவில் புரோமோ எரிமலைக்குப் போய் ஏமாந்து திரும்பியவர்களை விசாரித்தால், பெரும்பாலும் மலையில் யாரும் அவர்களை ஏமாற்றியிருக்க மாட்டார்கள். மலையடிவார ஊரான செமோரோ லவாங்குக்கு இன்னும் 40 கிலோமீட்டர் இருக்கும்போதே, புரோபோலிங்கோவில் பஸ்ஸை விட்டு இறங்கிய பத்து நிமிடத்தில் பணம் கைமாறியிருக்கும். அதற்குப் பிறகு வரும் இரண்டு நாளும் அந்த ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் சண்டை போடுவதிலேயே கழியும்.

நடப்பது இதுதான். சுரபாயாவின் புங்குராசி டெர்மினலிலிருந்து ஜெம்பர், பன்யுவாங்கி பக்கம் போகும் பஸ்கள் புரோபோலிங்கோ வழியாகத்தான் போகின்றன. முதுகுப்பையோடு ஏறும் வெளிநாட்டவரைக் கண்டக்டர் பார்த்துவைத்துக்கொள்வார். எல்லாக் கண்டக்டரும் அப்படியல்ல. சிலருக்கு மட்டும் ஊருக்குள் ஒரு அலுவலகத்தோடு ஏற்பாடு உண்டு. புரோபோலிங்கோவின் பஸ் நிலையமான பையுவாங்கா டெர்மினலுக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டர் முன்னால் சாலையோரம் பஸ் நிற்கும். "புரோமோ, புரோமோ, இங்கேதான்" என்று அவசரப்படுத்துவார், உங்கள் பையைத் தானே எடுத்துக் கீழே வைப்பார். இறங்கினால் எதிரே ஒரு கடை. சுவரில் மலையின் வரைபடம், மேலே 'சுற்றுலாத் தகவல் மையம்' என்று பலகை, உள்ளே சரளமாக ஆங்கிலம் பேசும் ஒருவர். அது அரசு அலுவலகம் அல்ல, தரகர் கடை.

அங்கே மூன்று பொய்கள் வரிசையாக வரும். இதுதான் டெர்மினல் என்பது முதல் பொய். மேலே செமோரோ லவாங்குக்குப் போகும் மினிபஸ் இன்று போய்விட்டது, அல்லது இப்போதெல்லாம் ஓடுவதே இல்லை என்பது இரண்டாவது. விடியற்காலையில் காட்சிமுனைக்கு ஏறும் ஜீப்பை இப்போதே பதிவு செய்யாவிட்டால் நாளை கிடைக்காது என்பது மூன்றாவது. சில நாள் "கோயில் விசேஷம், மலை மூடியிருக்கிறது, எங்களுக்கு மட்டும் அனுமதி உண்டு" என்பதும் சேர்ந்துகொள்ளும். இதில்தான் பலரும் விழுகிறார்கள், ஏனென்றால் பாதி உண்மை. அங்கே வாழும் தெங்கர் மக்கள் இந்துக்கள். நியேபி, கசாடா, வூலான் கபிது என்னும் அவர்களது புனித நாட்களில் எரிமலையைச் சுற்றியுள்ள மணல்வெளிக்குள் வண்டிகளை அனுமதிப்பதில்லை. ஆனால் அந்தத் தேதிகளைப் புரோமோ தெங்கர் செமேரு தேசியப் பூங்கா முன்கூட்டியே அறிவித்துவிடும். அந்த நாட்களில் எந்தத் தரகருக்கும் தனி அனுமதி கிடையாது.

தப்பிப்பது கடினமல்ல. இணையம் இல்லாமலும் திறக்கும்படி வரைபடத்தைப் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், பையுவாங்காவில் ஒரு குறி போட்டுவிடுங்கள். பஸ் பெரிய வாசலுக்குள் நுழைந்து, வரிசையாகப் பஸ்கள் நிற்கும் வளாகத்தில் நிற்கும்வரை இருக்கையை விட்டு எழாதீர்கள். பெரிய பையை மடியிலோ காலடியிலோ வைத்துக்கொண்டால் யாரும் அதை முதலில் இறக்கி உங்களைப் பின்னால் இழுக்க முடியாது. ரயிலில் வருகிறவர்களுக்கும் இதே பொறிதான்: நிலையத்திலிருந்து டெர்மினல் சுமார் 5 கிலோமீட்டர், இடையில் சிற்றுந்து ஓட்டுநர் நேராக ஏதாவதொரு தரகர் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்துவார். "டெர்மினல் பையுவாங்கா" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்தே இருங்கள்.

மேலே போகும் மினிபஸ்ஸை உள்ளூரில் 'பைசன்' என்பார்கள். டெர்மினலுக்கு வெளியே நிற்கும். ஏறத்தாழ 15 பேர் சேர்ந்தால்தான் கிளம்பும். ஆள் குறைந்தால் காலி இருக்கைகளின் காசை இருப்பவர்கள் பகிர்ந்துகொள்ளச் சொல்வார் ஓட்டுநர். இதையும் ஏமாற்று என்று சிலர் எழுதுகிறார்கள். அது நியாயமில்லை, அங்கே வழக்கமே அதுதான். மதியத்துக்கு மேல் ஆள் சேர்வது குறையும் என்பதால் காலையில் புரோபோலிங்கோ போய்ச் சேரும்படி கிளம்புங்கள். மாலை நாலு மணிக்கு வந்திறங்குகிறவர்தான் தரகருக்குச் சுலபமான இரை.

அடுத்தது நுழைவுச்சீட்டு. பூங்காவின் இணையதளத்தில் முன்பதிவு செய்துதான் வாங்க வேண்டும், நாளொன்றுக்கு இத்தனை பேர் என்று அளவும் உண்டு. 2024 அக்டோபர் கடைசி வரை வெளிநாட்டவருக்கு வாரநாளில் 2,20,000 ரூபியா, விடுமுறை நாளில் 3,20,000. அதன்பின் எல்லா நாளும் ஒரே கட்டணம், 2,55,000 என்றாக்கினார்கள். பழைய விடுமுறைக் கட்டணத்தைச் சொல்லி இன்னும் பணம் பறிக்கும் தரகர்கள் உண்டு. அதைவிட மோசம், உள்நாட்டவர் சீட்டை வெளிநாட்டவருக்கு விற்பது, அல்லது யாரோ பயன்படுத்திய பழைய க்யூஆர் கோடின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவது. அதிகாலை மூன்றரை மணிக்கு வாசலில் அது செல்லாது என்பார்கள். பின்னால் ஜீப் வரிசை ஹாரன் அடிக்கும். இன்னொரு முறை பணம் கட்டிவிட்டுத்தான் உள்ளே போக முடியும். தரகர் மூலம் வாங்கினாலும் உங்கள் பெயர், பாஸ்போர்ட் எண், வெளிநாட்டவர் என்ற வகை, தேதி நான்கும் சீட்டில் இருக்கிறதா என்று முந்தின நாள் மாலையே பாருங்கள்.

ஜீப் விஷயத்தில் ஏமாற்று வார்த்தையில் இருக்கிறது. விலை பொதுவாக ஒரு வண்டிக்குத்தான், ஆளுக்கு அல்ல. பழைய டொயோட்டா லேண்ட் குரூசரில் ஐந்தாறு பேர் உட்காரலாம். தரகர் ஒவ்வொருவரிடமும் கிட்டத்தட்ட முழு வண்டிக் காசை வாங்கிக்கொண்டு ஆறு பேரையும் ஒரே வண்டியில் ஏற்றிவிடுவார். 'தனி ஜீப்' என்று பணம் கட்டியவர்களும் விடியற்காலையில் முன்பின் தெரியாத நாலு பேரோடு நெருங்கி உட்கார்ந்திருப்பார்கள். எத்தனை இடங்களைச் சுற்றிக் காட்டுவார்கள் என்பதையும் எழுதி வாங்க வேண்டும். பெனன்ஜாகன் காட்சிமுனை, எரிமலை வாய், சவான்னா புல்வெளி, 'கிசுகிசுக்கும் மணல்' என்னும் பாசிர் பர்பிசிக் நான்கும் சேர்ந்ததுதான் வழக்கமான பெரிய சுற்று. 'முழுச் சுற்று' என்று விற்றுவிட்டு முதல் இரண்டோடு இறக்கிவிடுவது அடிக்கடி நடக்கிறது.

பெனன்ஜாகன் சுமார் 2,770 மீட்டர் உயரம். ஜீப் மூன்று மணிக்குப் பிறகு கிளம்பினால் மேலே நெரிசலில் மாட்டி, கீழே இருக்கும் கிங்காங் குன்றிலோ புக்கிட் சிந்தாவிலோ நிறுத்திவிடுவார்கள். காட்சி அங்கேயும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் பெனன்ஜாகனுக்கென்று காசு கொடுத்திருக்கிறீர்கள். கிளம்பும் நேரத்தை ரசீதில் எழுதச் சொல்வது இதற்காகத்தான்.

மணல்வெளியில் ஜீப் நின்றதும் குதிரைக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். குதிரை படிக்கட்டின் அடிவரைதான் போகும். அதன்பின் ஏறத்தாழ 250 படிகளை நீங்களேதான் ஏறவேண்டும். சொன்ன காசு போக மட்டுமா, போகவரவா? 'புலாங் பெர்கி' (போகவர) தானா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். இல்லாவிட்டால் திரும்பும்போது அதே காசு மறுபடியும் கேட்பார்கள். விடியுமுன் யாருக்காவது காசு கொடுக்கும்போது இருட்டாக இருக்கும். 1,00,000 நோட்டு சிவப்பு, 10,000 நோட்டு ஊதா. டார்ச் வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். இரண்டையும் வேறு வேறு பையில் வையுங்கள். 'ரிபு' என்றால் ஆயிரம், 'ஜூதா' என்றால் பத்து லட்சம். பேச்சில் பலசமயம் ஆயிரத்தை விட்டுவிட்டுச் சொல்வார்கள் என்பதால் தொகையைப் போன் கால்குலேட்டரில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

தரகர் ஒருபோதும் வாய்திறக்காத விஷயம் ஒன்று: எரிமலையின் எச்சரிக்கை நிலை. இந்தோனேசியாவில் அபாயம் கூடும் வரிசையில் நான்கு நிலைகள்: நார்மல், வஸ்பாடா, சியாகா, அவாஸ். புரோமோ இரண்டாவதான வஸ்பாடாவில் இருக்கும்போது வாயிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் யாரும் போகக்கூடாது என்பதே எரிமலை ஆய்வு மையத்தின் பரிந்துரை. படிக்கட்டு அந்த வட்டத்துக்குள்தான் இருக்கிறது. 2004 ஜூனில் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் புரோமோ வெடித்து, பறந்த கற்களால் இரண்டு பேர் இறந்தார்கள். மாக்மா இந்தோனேசியா என்ற அரசுச் செயலியில் அன்றன்றைய நிலையைப் பார்க்கலாம். வாய்வரை ஏறமுடியாத நாளில் அந்தப் பங்குப் பணம் திரும்ப வருமா என்று கட்டும்போதே கேளுங்கள். பின்னால் கேட்டால் 'இயற்கைச் சீற்றம்' என்று முடித்துவிடுவார்கள். ஜாவாவின் மிக உயரமான மலையான 3,676 மீட்டர் செமேருவின் உச்சிக்கு அழைத்துப்போவதாகச் சொல்கிறவரிடம் ஒரு ரூபியாகூடக் கொடுக்காதீர்கள். 2021 டிசம்பர் வெடிப்பில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்த மலை அது. பின்னர் பாதை திறக்கப்பட்டபோதும் ரானு கும்போலோ ஏரி வரைதான் அனுமதித்தார்கள்.

ஜாவாவின் கிழக்குக் கோடியில் நீலச்சுடருக்குப் பெயர்பெற்ற இஜென் எரிமலையில் பொய் விளம்பரப் படத்திலேயே தொடங்குகிறது. மலைச்சரிவில் நீல நிற எரிமலைக்குழம்பு ஆறாக ஓடுவதுபோலக் காட்டுவார்கள். இஜெனில் நீலக் குழம்பு என்று ஒன்று இல்லை. பாறை இடுக்குகளில் வெளிவரும் சூடான கந்தக வாயு காற்றுபட்டு எரிவதால் உண்டாகும் சுடர் அது. கேமராவை நீண்ட நேரம் திறந்து வைத்து எடுத்த படம்தான் அத்தனை பெரிதாகத் தெரிகிறது. கண்ணுக்கு அங்கங்கே சிறு சுடர்களாகத்தான் தெரியும், அதுவும் முழு இருட்டில் மட்டும். வாய்க்குள் இறங்கும் பாதையை வாயு அதிகமாகும் நாட்களில் மூடியும் விடுவார்கள்.

பாலியின் தெற்கிலிருந்து ஓரிரவுப் பயணமாக இதை விற்பவர்களிடம் கணக்குக் கேளுங்கள். குத்தாவிலிருந்து இரவு 9 மணிக்குக் கிளம்பினால் கிலிமானுக் துறைமுகத்துக்குச் சுமார் நாலு மணி நேரம், அதாவது பாலி நேரம் 1 மணி. ஜாவா நேரம் ஒரு மணி பின்னால், ஆக அங்கே நள்ளிரவு 12. காத்திருப்பும் படகுமாக ஒரு மணி நேரம். ஜாவா பக்கத் துறைமுகமான கெதாபாங்கிலிருந்து இஜெனின் பால்துடிங் அடிவாரத்துக்கு ஒன்றரை மணி நேரம் போக, மணி 2:30. மேலே 3 கிலோமீட்டர் செங்குத்தான நடை, இரண்டு மணி நேரம். வாய்க்குள் இறங்க முக்கால் மணி. ஐந்தேகாலுக்கு விடிந்துவிட்டிருக்கும். நீலச்சுடரைப் பார்க்க வேண்டுமானால் மாலை ஐந்தாறு மணிக்கே கிளம்ப வேண்டும், அல்லது முந்தின நாளே பன்யுவாங்கிக்குப் போய்த் தங்கிவிட வேண்டும்.

முகமூடியில் ஏமாறுவது உடம்புக்கே ஆபத்து. கந்தக டையாக்சைடைத் துணியோ என்95 முகமூடியோ தடுக்காது. அமில வாயுவுக்கான கார்ட்ரிட்ஜ் (வடிகட்டிக் குப்பி) பூட்டிய ரப்பர் முகமூடிதான் வேண்டும், அடிவாரத்தில் வாடகைக்கு விடுவது பெரும்பாலும் அதுதான். கார்ட்ரிட்ஜ் தீர்ந்துபோயிருக்கிறதா என்பதே கேள்வி. மாட்டிக்கொண்டு காற்று நுழையும் பகுதியை உள்ளங்கையால் மூடி மூச்சை உள்ளிழுங்கள். ரப்பர் உள்ளே இழுபட்டு முகத்தோடு ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் ஓரத்தில் கசிகிறது, வேறு கேளுங்கள். தாடி இருந்தால் எதுவுமே சரியாக ஒட்டாது. ஒட்டிய பிறகும் மேலே தீக்குச்சி எரிந்த வாடை உள்ளே வந்தால் கார்ட்ரிட்ஜ் செத்துவிட்டது, உடனே திரும்புங்கள். இப்போது மருத்துவச் சான்றிதழும் கேட்கிறார்கள். சோதிக்காமலே கையெழுத்திட்ட தாளை நீட்டும் வழிகாட்டி உங்களுக்கு உதவுவதாக நினைக்காதீர்கள். ஆஸ்துமாக்காரர் அந்தத் தாளை நம்பி உள்ளே இறங்கினால் என்னாகும்?

புரோமோ, இஜென், பாலி மூன்றையும் சேர்த்து வாங்கியவர்களுக்குக் கடைசி அடி பஸ்ஸில் காத்திருக்கும். 'ஏசி எக்ஸிகியூட்டிவ் இருக்கை, படகுக் கட்டணம் உட்பட' என்று ரசீது இருக்கும். வருவது சாதாரண எகோனமி பஸ். கண்டக்டர் அந்த ரசீதைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் காசு கேட்பார். அவருக்கு யாரும் பணம் கொடுத்திருக்கவில்லை. பஸ் சீட்டை டெர்மினல் கவுண்டரிலோ பஸ்ஸிலோ அன்றன்றைக்கு வாங்குவதே மேல்.

தரகர் மூலம்தான் போகவேண்டிய நிலை வந்தால் மொத்தத் தொகையையும் முன்னால் கொடுக்காதீர்கள். பாதி இப்போது, மீதி ஜீப் திரும்பிய பிறகு. 'க்விதான்சி' என்று கேட்டால் முத்திரையோடு ரசீது தருவார்கள். அதில் ஜீப் தனியா பகிர்வா, எத்தனை இடங்கள், கிளம்பும் நேரம், நுழைவுச்சீட்டு உண்டா, தங்குமிடத்தின் பெயர், மூடினால் எவ்வளவு திரும்பும் என்பதெல்லாம் எழுதியிருக்க வேண்டும். எழுத மறுத்தால் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து சிற்றுந்தோ, ஓஜெக் என்னும் வாடகை பைக்கோ பிடியுங்கள். பையுவாங்கா அங்கிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டர்தான்.