சேவல் கிண்ணம்: எந்தச் சிவப்பை நம்புவது?

சேவல் படம் தீட்டிய பீங்கான் கிண்ணம்தான் சேவல் கிண்ணம். எங்கள் வீட்டில் இரண்டாவதாக வாங்கியவற்றில் சேவலின் கொண்டையைக் காணோம். முதலில் கொண்டையின் சிவப்பு மங்கியது, பிறகு பக்கத்திலிருக்கும் பியோனிப் பூவின் இளஞ்சிவப்பு போனது. இப்போது கறுப்பு வாலும் கொஞ்சம் பச்சையும்தான் மிச்சம். முதலில் வாங்கியவையோ, அவற்றைவிடப் பல ஆண்டுகள் மூத்தவை, அதே நாரால் தேய்க்கப்பட்டும் ஒரு கோடுகூட அழியாமல் இருக்கின்றன.

மலேசியாவின் பினாங்கில் வசிப்பவர்களுக்கு இந்தக் கிண்ணத்தை விளக்க வேண்டியதில்லை. நூடுல்ஸ் கடையில் பார்த்திருப்பீர்கள். தென்சீனத்திலிருந்து வந்த இந்த வடிவத்தை, நல்ல வெண்களிமண் கிடைக்கும் வடதாய்லாந்து நகரமான லம்பாங் தனதாக்கிக்கொண்டது. சேவல்தான் அந்த நகரத்தின் சின்னமும். கையால் தீட்டும் பட்டறைகளில் ஒருவர் உடலை வரைவார், இன்னொருவர் வாலை இழுப்பார், வேறொருவர் வாழையிலையும் பூவும் போடுவார். அதனால் ஒரு சேவலைப் போல் இன்னொன்று இருப்பதில்லை. எங்கள் மூத்த கிண்ணங்களில் ஒன்றின் சேவல் கழுத்தை நீட்டிக் கூவப் போகிறது, மற்றொன்று தரையில் எதையோ தேடுகிறது. யாருக்கு எது என்று வீட்டில் எப்போதோ முடிவாகிவிட்டது. மாற்றி வைத்தால் என் மகள் சாப்பிட உட்கார மாட்டாள்.

விலை குறைந்திருக்கிறது, ஒரு செட் வாங்கலாமா என்று தோழி கேட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: வண்ணம் மெருகுக்கு, அதாவது கிண்ணத்தின் மேல் கண்ணாடிபோல் படியும் பூச்சுக்கு, கீழே இருக்கிறதா, மேலே இருக்கிறதா? கீழே தீட்டி, மேலே மெருகு ஊற்றி, ஆயிரம் டிகிரிக்கு மேல் சுட்டால் வண்ணம் கண்ணாடிக்குள் அடைபட்டுவிடும், நாரால் அதைத் தொட முடியாது. ஆனால் அந்தச் சூட்டைத் தாங்கும் சிவப்பு எளிதில் அமைவதில்லை. எங்கள் மூத்த சேவல்கள் செங்கல் நிறத்தில் சற்று மந்தமாக இருப்பது அதனால்தான். பளீரென்ற சிவப்பு வேண்டுமென்றால், சுட்டு முடித்த கிண்ணத்தின் மேல் தீட்டி, மீண்டும் எண்ணூறு டிகிரியை ஒட்டிய குறைந்த சூட்டில் சுடுவார்கள். கடை விளக்கில் அந்தச் சேவல்தான் அழகு. கழுவக் கழுவத் தேய்வதும் அதுதான். சீனாவின் மிங் வம்சத்துப் பேரரசர் செங்ஹுவா காலத்துச் சேவல் கோப்பை ஒன்று 2014இல் ஹாங்காங் ஏலத்தில் 28 கோடி ஹாங்காங் டாலருக்கு மேல் விலைபோனது. அதிலும் சிவப்பும் பச்சையும் மெருகுக்கு மேல்தான் தீட்டப்பட்டிருக்கின்றன. அந்தக் கோப்பையை யாரும் மூன்று வேளை சோப்புப் போட்டுத் துலக்குவதில்லை.

நிறம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நம் வீட்டில் கிண்ணத்தில் ஊற்றுவது ரசம், புளிக்குழம்பு, மோர். மேல்வண்ணத்தில் ஈயம் கலந்திருந்தால் புளிப்பு அதைக் கரைத்து உணவில் சேர்க்கும். சேவல் வெளிப்புறத்தில் இருந்தால் கவலை குறைவு. ஆனால் இந்த இரண்டாம் செட்டில் உள்ளே, அடியிலும் ஒரு பூ இருந்தது. அந்தப் பூ எங்கே போனது? விற்றவரிடம் போய்க் கேட்டேன். கையால் வரைந்தது அப்படித்தான் இருக்கும் என்றார். எனக்குக் கோபம் வந்தது. மூத்த கிண்ணங்களும் கையால் வரைந்தவைதானே! பட்டறையில் குனிந்து உட்கார்ந்து வால் இழுத்தவர் மேல் பழியைப் போட்டுவிட்டார். எந்த முறையில் சுட்டது என்று ஒரு வரி எழுதி ஒட்டுவதற்கு என்ன செலவாகும்?

வாங்குவதானால் விரலால் தடவிப் பாருங்கள். மெருகுக்கு மேல் தீட்டியிருந்தால் வண்ணம் பெரும்பாலும் மெல்லிய மேடாகத் தட்டுப்படும். வெளிச்சத்தில் சாய்த்தால் சேவல் இருக்கும் இடத்தில் மட்டும் பளபளப்பு மாறும். இதைப் படத்தைப் பார்த்துச் சோதிக்க முடியாது.

எங்கள் சமையலறையில் நான் மிகவும் விரும்பும் பாத்திரம் அந்த மூத்த கிண்ணம்தான். சூடான கஞ்சியை ஊற்றினாலும் அடிவளையத்தைப் பிடித்து எடுத்துக் குடிக்கலாம், கை சுடாது. ஆனாலும் இப்போதிருக்கும் மனநிலையில் தோழிக்கு நான் சொன்னது: வாங்காதே, பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதே. இரண்டாம் செட்டில் இப்போது கிராம்பும் ஏலக்காயும் போட்டு வைத்திருக்கிறேன்.