200 ஆம்பியர் மிக் வெல்டிங் மிஷின்: மின்பகுதி தங்கம், கம்பிப் பாதையில்தான் கவனம் வேண்டும்

சுருளிலிருந்து கம்பி தானாக ஓடி வந்து பற்றவைக்கும் மிக் மிஷின் வாங்கலாமா என்று ராடு வெல்டிங்கில் பழகிய பட்டறைக்காரர்கள் கேட்டால், பக்கக் கதவைத் திறந்து கம்பி போகும் பாதையைப் பாருங்கள் என்றுதான் முதலில் சொல்வேன். எங்களிடம் இருப்பது 40,000 ரூபாயை ஒட்டிய விலையில் வாங்கிய 200 ஆம்பியர், சிங்கிள் பேஸ் இன்வர்ட்டர் மிஷின். கார்பன் டை ஆக்சைடு வாயுவோடும் ஓட்டலாம். உள்ளே பிளக்ஸ் என்ற காப்புத்தூள் நிரப்பிய கம்பியைப் போட்டு வாயு இல்லாமலும் ஓட்டலாம். தூத்துக்குடியில் கேட், கிரில், டிராலி பாடி என்று நாள் முழுக்க இதில்தான் வேலை நடக்கிறது.

மின்பகுதியைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. 16 கேஜ் சதுரக் குழாயை 0.8 மி.மீ. கம்பியில், 18 வோல்ட் பக்கம் வைத்துப் பற்றவைத்தால் எண்ணெயில் வடை பொரிகிற சத்தம் சீராக வருகிறது. குழாயில் ஓட்டை விழுவதில்லை. மாலையில் மின்னழுத்தம் இறங்கும்போதும் ஆர்க், அதாவது பற்றவைக்கும் மின்பொறி, நிலையாக நிற்கிறது.

தொல்லையெல்லாம் கம்பி ஊட்டும் பகுதியில்தான். மிஷினை இறக்கிக் கொடுக்க வந்தவர் கம்பியைத் தள்ளும் ரோலரின் 1.0 பள்ளத்தில் 0.8 கம்பியை ஓட்டிக் காட்டிவிட்டுப் போனார். பள்ளம் பெரிதாக இருந்தால் கம்பி வழுக்கும். ஆர்க் விட்டு விட்டு வரும். அதைச் சரிக்கட்ட அழுத்தத் திருகை இறுக்கினால் கம்பி நசுங்கி, மேலிருக்கும் செம்புப் பூச்சு தூளாக உதிர்ந்து டார்ச் கேபிளுக்குள் கம்பி ஓடும் குழாயான லைனருக்குள் போய் அடைக்கிறது. பிறகு கையில் பிடிக்கும் டார்ச்சின் முனையில் கம்பி நின்றுவிட, ரோலர் தள்ளிக்கொண்டே இருக்க, உள்ளே கம்பி கொத்தாகச் சிக்கிக்கொள்கிறது. பலர் இந்தக் கட்டத்தில்தான் மோட்டார் போய்விட்டது என்று மிஷினைச் சர்வீஸுக்குத் தூக்கிச் செல்கிறார்கள். மோட்டாருக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

பார்க்க வேண்டிய வரிசை இது. முதலில் டார்ச் முனையில் கம்பி வெளிவரும் துளையுள்ள டிப்பைக் கழற்றிவிட்டு டிரிக்கரை அழுத்துங்கள். கம்பி தடையில்லாமல் ஓடினால் குற்றம் டிப்பில் இருக்கிறது. துளை உருகி அடைத்திருக்கும் அல்லது தேய்ந்து நீள்வட்டமாகியிருக்கும். புது டிப் அற்ப விலைதான், தயங்காமல் மாற்றிவிடுங்கள். டிப் இல்லாமலும் திணறினால் ரோலர் அழுத்தத்தை விடுவித்துக் கம்பியைக் கையால் இழுத்துப் பாருங்கள். இறுக்கமாக வந்தால் லைனர் அடைத்திருக்கிறது, அல்லது டார்ச் கேபிள் எங்கோ மடங்கிக் கிடக்கிறது. சுருள் மாற்றும்போதெல்லாம் கம்ப்ரசர் காற்றால் லைனரை ஊதிவிடும் பழக்கம் இருந்தால் பாதித் தொல்லை வராது. ரோலர் அழுத்தத்தைச் சரிபார்க்க, கையுறை போட்டுக்கொண்டு உலர்ந்த மரத்துண்டின் மீது கம்பியைச் சாய்வாக ஓடவிடுங்கள். கம்பி முட்டி வளைந்து சுருண்டு வந்தால் போதும். ரோலர் வழுக்கினால் மட்டும் திருகைச் சிறிது இறுக்குங்கள்.

கம்பி டிப்போடு ஒட்டிக்கொள்வது இன்னொரு புகார். கம்பி வேகம் குறைந்து வோல்டேஜ் கூடியிருந்தாலும், டார்ச்சை வேலைக்கு மிக அருகில் பிடித்தாலும் அப்படி ஆகும். டிப்பிலிருந்து 10 மி.மீ. அளவுக்குக் கம்பி நீண்டிருக்கும்படி பிடித்தால் கை தானாகப் பழகிவிடும்.

எங்கள் ஊரில் கடற்காற்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். காற்று ஏறிய பிறகு திறந்தவெளியில் பற்றவைத்தால் வாயுத் திரை கலைந்து, பற்றவைத்த தடமெங்கும் ஊசித்துளைகள் விழுகின்றன. ரெகுலேட்டரில் வாயு அளவைக் கூட்டிக்கொண்டே போவதால் பயன் இல்லை. மிகையானால் வாயு சுழன்று வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். நிமிடத்துக்கு 10 முதல் 12 லிட்டர் வைத்து, தார்ப்பாய் மறைப்புக் கட்டுங்கள். நீண்ட நேரம் ஓட்டும்போது ரெகுலேட்டர் பனி படர்ந்து உறைந்தாலும் இதே துளைகள்தான். இந்த மிஷினின் பின்புறத்தில் ரெகுலேட்டரைச் சூடாக்கும் ஹீட்டருக்கு 36 வோல்ட் சாக்கெட் கொடுத்திருக்கிறார்கள், பாராட்ட வேண்டிய ஏற்பாடு. உப்புக்காற்றில் செம்புப் பூச்சையும் மீறிக் கம்பி துருப்பிடிக்கிறது. வேலை முடிந்ததும் சுருளைக் கழற்றிப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்கிறோம்.

வாயு இல்லாத கம்பிக்கு மாறும்போது முனைகளை மாற்ற வேண்டும் என்பதைக் கையேட்டில் ஒரே வரியில் ஓரமாகச் சொல்லியிருப்பது பெரிய குறை. வாயுவோடு ஓட்டும் கம்பிக்கு டார்ச் பாசிட்டிவில் இருக்க வேண்டும். தானே புகைத்திரை தரும் பிளக்ஸ் கம்பிக்கு நெகட்டிவில். மாற்றாமல் ஓட்டினால் துளிகள் எங்கும் தெறிக்கும், உலோகம் உள்ளே இறங்காமல் மேலாகவே நிற்கும். பெயிண்ட் சுரண்டாத இடத்தில் எர்த் கிளாம்ப்பைக் கவ்வவிட்டாலும் கிட்டத்தட்ட இதே தோற்றம்தான்.

கூட வந்த டார்ச் இந்த மிஷினின் தரத்துக்குப் பொருந்தவில்லை. கேபிள் விறைப்பாக இருக்கிறது, வாயு வெளிவரும் நாசில் சீக்கிரமே தளர்ந்துவிட்டது. டார்ச்சைக் கழற்றி மாட்டும் யூரோ கனெக்டர் இருப்பதால் வேறு டார்ச் மாட்டிக்கொள்ள முடிந்தது. இப்போது கம்பி ஓட்டத்தில் நல்ல வித்தியாசம் தெரிகிறது. கேட், கிரில் வேலைக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். கடையில் பேரம் பேசும்போது விலைக் குறைப்பை விட்டுவிட்டு, நல்ல டார்ச்சும் 0.8 டிப் ஒரு பாக்கெட்டும் உபரி லைனர் ஒன்றும் கேட்டு வாங்குங்கள்.