அப்பாவின் விழுங்கல் பயிற்சி: ஒரு வருசம் தாண்டிய பிறகு

பாரிசவாதத்துக்குப் பிறகு அப்பாவுக்குக் கையும் காலும் ஓரளவு திரும்பின. தண்ணீர்தான் இறங்கவில்லை. இடியப்பம் சாப்பிடுவார், ஒரு மிடறு தேத்தண்ணிக்குப் புரையேறும். பேச்சுச் சிகிச்சை என்றால் கதைக்கப் பழக்குவது மட்டும் என்று திருகோணமலையில் இன்னும் பலர் நினைக்கிறார்கள். விழுங்கலைச் சோதித்துப் பயிற்சி கொடுப்பதும் பேச்சுச் சிகிச்சையாளர்களின் வேலைதான்.

தண்ணீர் வேகமாக ஓடும், தொண்டை மூச்சுக்குழாயை மூடுவதற்குள் உள்ளே போய்விடும் என்று சிகிச்சையாளர் விளக்கினார். "ஐயா, நாடியைக் குனிச்சு விழுங்குங்க" என்று பழக்கினார். இது எல்லோருக்கும் பொருந்தாது, சோதித்துப் பார்த்துத்தான் சொல்வார்கள். அழுத்தி விழுங்கும் பயிற்சியும் இருந்தது.

வீட்டில் பெரிய வேலை, குடிப்பது மெதுவாக இறங்கும்படி அதைத் தடிப்பாக்குவதுதான். பானமும் உணவும் 0 முதல் 7 வரை நிலைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. தடிப்பாக்கிய பானத்தை ஊசியில்லாத 10 மில்லி சிரிஞ்சில் நிரப்பி 10 செக்கன் ஒழுகவிட வேண்டும். 4 முதல் 8 மில்லி வரை மிஞ்சினால் இரண்டாம் நிலை, அப்பாவுக்குச் சொன்னது அதுதான். சிரிஞ்சும் முக்கியம்: பூச்சியத்திலிருந்து 10 வரையான கோட்டின் நீளம் 61.5 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். கண்மட்டத்தில் கலக்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

மாப்பொருள் சேர்ந்த தடிப்பாக்கி (தடிப்பாக்கக் கலக்கும் தூள்) எங்களுக்குச் சரிவரவில்லை. எச்சில் பட்ட கரண்டி திரும்பத் திரும்பக் கோப்பைக்குள் போனால் எச்சிலிலுள்ள நொதி மாவை உடைத்துத் தண்ணியாக்கிவிடும். கஞ்சிக்கும் இதே கதிதான். சாந்தன் பசை (xanthan gum) கலந்த தடிப்பாக்கி அப்படி இளகாது, ஆனால் விலை கூட.

சொதி ஊற்றிய இடியப்பத்தை நிறுத்தச் சொன்னதுதான் அப்பாவுக்குப் பெரிய துக்கம். மெல்லும்போதே சொதி முந்திக்கொண்டு ஓடிவிடுமாம். இப்போது சொதியையும் தடிப்பாக்கி, இடியப்பத்தோடு நன்றாக மசித்துக் கொடுக்கிறோம். ருசி பரவாயில்லை என்கிறார், எனக்கு அது பெரிய சந்தோஷம்.

குறையும் உண்டு. தடித்த தண்ணீரை விரும்பிக் குடிக்க மாட்டார், இங்கத்தை வெயிலில் உடம்பு வறண்டுவிடும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்கக் கொடுக்கிறோம். சாப்பிட்டு அரை மணி நேரம் நிமிர்ந்தே இருக்க வைக்கிறோம், பல்லும் நாக்கும் சுத்தமாக வைத்திருக்கிறோம். வாயிலுள்ள கிருமி எச்சிலோடு நுரையீரலுக்குப் போனால் நியுமோனியா வரலாம்.

இருமல் இல்லை என்று மட்டும் நம்பாதீர்கள், சிலருக்கு இருமாமலே உள்ளே போகும். குடித்த பின் குரல் கரகரத்தாலோ அடிக்கடி காய்ச்சல் வந்தாலோ கிளினிக்கில் சொல்லுங்கள். அப்புறம், குளிசையைத் தூளாக்கும் முன் பாமசியில் கேளுங்கள், சிலதை உடைக்கவே கூடாது.